பதினோரு லீவு லெட்டர்கள்

செப்டம்பர் 19

இன்றும் பிரகதீஸ்வரிக்கு லீவு லெட்டர் நான்தான் எழுதினேன். காய்ச்சல். போன வாரம் வயிற்றுவலி, அதற்கு முன்னால் சித்தி வீட்டுக் காதுகுத்து. அடுத்ததற்கு என்ன போடுவது என்று ஆசியாவைக் கேட்டேன். கண்வலி போடு, ஊரெல்லாம் அதுதானே என்றாள். கீழே பிரகதியின் அம்மா ஆனந்தவல்லியின் கையெழுத்தையும் நானே போட்டேன். மிஸ் பிரித்துக்கூடப் பார்க்காமல் ரிஜிஸ்டருக்குள் செருகினார்.

பிரகதி ஆசியா வீட்டு மாடி அறையில் படுத்திருந்தாள். முடியாத நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போய்விடுவாள். ஆசியாவின் அம்மா வேலைக்குப் போய்விடுவதால் வீடு காலி. எட்டாவதிலிருந்து நாங்கள் மூவரும் ஒரே பெஞ்ச். இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

செப்டம்பர் 26

அவளுக்குக் குரல்கள் கேட்கின்றன. இன்றுதான் வாயைத் திறந்து சொன்னாள். ஒரு பெண், இரண்டு ஆண்கள். இப்ப பேனா எடுக்குறா, இப்ப மூடுறா, என்று அவள் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்கிறாள். ஆசியா முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினால் அவளும் இரண்டு வாய் சாப்பிடுகிறாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கடி. சொன்னா என்னைக் கட்டிப் போட்டுருவாங்க."

எங்கள் கைகளை இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். மீறினால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்குத்தான் ஆகும். அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 3

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு இரண்டு எழுதினேன். என்னுடையது, அவளுடையது. அவளுடையதற்கு மிஸ் 'குட்' போட்டிருக்கிறார். எனக்கு வெறும் டிக்.

அக்டோபர் 17

நோட்டு கொடுக்கிற சாக்கில் பிரகதி வீட்டுக்குப் போனேன். அவள் கையில் புதிதாக இரண்டு கயிறு. அவள் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், தூங்க மாட்டேன் என்கிறாள், தானாகச் சிரிக்கிறாள், எல்லாம் வயசுக் கோளாறு, மந்திரித்தால் போய்விடும் என்றார். அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், அவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவாராம்.

"நாளைக்குக் கல்யாணம் பண்ணி அனுப்ப வேண்டிய புள்ள. வெளிய மூச்சு விட்டுடாதம்மா."

சொல்லும்போது அவருக்கும் கண்கள் வீங்கித்தான் இருந்தன. மகளும் சொல்லாதே என்கிறாள், அம்மாவும் சொல்லாதே என்கிறார். நடுவில் நான் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 4

இரண்டு நாளாக மழை. பிரகதி ஆசியாவை அறைந்துவிட்டாள். நீதான் கலக்குகிறாய் என்றாள். ஆசியா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழவே இல்லை. அப்புறம் பாத்ரூமில் அழுதாள்.

போனில் தேடிப் பார்த்தோம். இது ஒரு நோய், மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது. சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்றாள் ஆசியா. நான்தான் வேண்டாம் என்றேன். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். நான்தான்.

நவம்பர் 14

பிரகதியைக் காணவில்லை.

காலையில் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஆசியாவும் இன்று லீவு. மாடி அறையில் சேர்ந்து இருப்பார்கள் என்று நினைத்து, வழக்கம்போல லெட்டரை எழுதி மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். பதினோராவது லெட்டர். கண்வலி.

மாடிக்கு அவள் போகவே இல்லை. பஸ்ஸுக்குக் கிளம்பியவள் எங்கேயோ போய்விட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் அம்மா பள்ளிக்கு ஓடி வந்தார். நீங்கதானே லெட்டர் கொடுத்து அனுப்பினீங்க என்று மிஸ் எடுத்துக் காட்டினார். அந்த அம்மா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் போட்டது" என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காலையிலிருந்து யாருமே தேடவில்லை. லெட்டர் இருந்ததே, ஏன் தேடப் போகிறார்கள்? வாய்க்காலெல்லாம் கரை முட்ட ஓடுகிறது. ஆள்கள் மதகு மதகாகப் போய்ப் பார்க்கிறார்கள். ஐயோ பிரகதி, எங்கடி இருக்க. எதையாவது நெனச்சு இறங்கிடாதடி.

நவம்பர் 15

கிடைத்துவிட்டாள். மயிலாடுதுறையில், துலாக்கட்டத்தில். இன்று ஐப்பசிக் கடைமுழுக்கு, காவிரியில் குளிக்க வந்த கூட்டத்தில் செருப்பில்லாமல் நனைந்த யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாளாம். ஒரு பெண் போலீஸ் ஐடி கார்டைப் பார்த்துப் போன் செய்திருக்கிறார்.

உயிரோடு இருக்கிறாள்.

நவம்பர் 17

திருச்சிப் பக்கம் ஒரு கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்க வைக்கப்போகிறார்கள். சாமியும் கும்பிடுங்கம்மா, டாக்டர்கிட்டயும் காட்டுங்கம்மா என்று கெஞ்சினேன். மிஸ்ஸும் கூட வந்து சொன்னார். அவள் அம்மா மசியவில்லை. என்னைப் பார்த்து, "உங்கப்பா யாரு வயல்ல நிக்கிறாருன்னு நெனச்சுப் பாத்துப் பேசு" என்றார்.

அப்பா அவர்கள் நிலத்தைத்தான் குத்தகைக்குச் செய்கிறார். நடவு முடிந்து பதினைந்து நாள்தான் ஆகிறது.

நவம்பர் 18

பிரகதி என் போனிலிருந்து எத்தனையோ தடவை அவள் அப்பாவிடம் பேசியிருக்கிறாள். நம்பர் இருந்தது. நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். குரல்கள், சாப்பாடு, கயிறு, மயிலாடுதுறை, என் பதினோரு லெட்டர், எல்லாம் சொன்னேன். டிக் நீலமாகும்வரை அவள் தலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். சத்தியமெல்லாம் படிக்காதவர்கள் நம்புவது என்று ஆசியாவிடம் பெருமை பேசியவள்தான் நான்.

என் அப்பாவிடமும் சொன்னேன். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கத்தினார்.

நவம்பர் 25

பிரகதியின் அப்பா பஞ்சநதம் வந்துவிட்டார். காரில் அவளைத் தஞ்சாவூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்.

டிசம்பர் 21

ஆசியா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாத்திரையில் எந்நேரமும் தூங்குகிறாளாம், முகம் ஊதியிருக்கிறதாம். குரல்கள் குறைந்திருக்கின்றன, போகவில்லை. எனக்கு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். ஆசியா சுற்றி வளைத்தாள். அதட்டியபிறகு சொன்னாள்.

"என் தலையில கை வச்சுட்டுப் போய்ச் சொன்னவ. அவள இங்க வரக் கூடாதுன்னு சொல்லு."

சரி. வரவில்லை.

பிப்ரவரி 9

அறுவடை முடிந்தது. அடுத்த போகத்துக்குக் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். திரும்ப அதே நாள் வந்தாலும் அதே மெசேஜை அனுப்புவேன். ஆனால் செப்டம்பரிலேயே அனுப்புவேன்.

மார்ச் 3

பிளஸ் டூ முதல் பரீட்சை. எனக்கு இரண்டு இடம் முன்னால் பிரகதியின் பெஞ்ச் காலி. ஹால் சூப்பர்வைசர் வெளியூர் சார். பெயரைச் சத்தமாகப் படித்து, ஏன் வரவில்லை, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காய்ச்சல் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அவளுக்கு மனநோய் சார். தஞ்சாவூர்ல வைத்தியம் பாக்குறாங்க. அடுத்த தடவை எழுதுவா."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. அவர் குறித்துக்கொண்டு போனார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து போனை எடுத்தால், பிரகதி அம்மாவின் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். அந்த அம்மா எழுதியதல்ல. "கொஸ்டின் பேப்பர்ல எதுவும் கிறுக்கி வைக்காதடி. எனக்கு வேணும்."

ஒன் மார்க் விடைகளைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன். உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.