நீலச் சட்டையின் பை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது.

ஒட்டுப் போர்வையின் கடைசித் துண்டுக்காக, நீங்களே தூக்கிக் கொடுத்த நீலச் சட்டையை வெட்ட எடுத்தேன். பையில் ஒரு ஜோக்கர் சீட்டு. மொட்டை மாடியில் நடக்கிறேன் என்றதெல்லாம் மேல் வீட்டில் சீட்டாடத்தானா?

தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது, "வெளிய போனா நோயத்தான் வாங்கிட்டு வருவே" என்றீர்கள். அதை நம்பி, ஊரடங்கு முழுக்கத் துணி தைத்து மனதை அடக்கிக்கொண்டிருந்தேன்.

இனி குழந்தையைப் பார்க்கப் போவேன். அதற்கு முன் இரண்டு வாரம் உங்களிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். தையல் மெஷினோடு உள்ளறையில் இருக்கிறேன். கதவைத் தட்டாதீர்கள்.

போர்வை சோபாவில் இருக்கிறது. அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: மேல் வீட்டில் ஜோக்கரைத் தேட வேண்டாம். பைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன். போர்த்தினால் நெஞ்சுக்கு நேராக வரும்.