அக்காவை யாருக்குக் கொடுப்பது

என் ஆசை அக்கா,

அகத்தா வந்திட்டுப் போயிட்டா. மலாவியில் நீங்கள் வேலை செய்த ஏரிக்கரைப் பெண்கள் சங்கத்தின் தலைவி. மன்னாரில், எங்கள் உப்புக்குளம் வீட்டில் நின்ற நாளெல்லாம் உங்கள் கட்டிலில்தான் படுத்தா. எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா மீன்குழம்பு வைத்தா. அகத்தா பிசைந்து சாப்பிட்டு, உங்கள் ராகத்திலேயே, "உறைப்புக் காணாது" என்றா. தமிழில்! அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என்ர பிள்ளை பழக்கிவிட்டிருக்கிறாள், பாரன்!" என்று அவவைக் கட்டிப்பிடித்தா. நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன்.

"உன் அக்கா சொன்ன கோபக்காரி நீதானே?" என்று அகத்தா அங்கேயும் வந்து ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தா.

பிறகு உங்களைப் பற்றிச் சொன்னா. நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். திருச்சபை உதவியோடு மீன் காயவைக்கும் பரண் கட்டப் போன நீங்கள், முதல் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தீர்களாம். "எங்கே, எப்படி என்று நீங்களே சொல்லுங்கோ, நான் கேட்கிறன்" என்றீர்களாம். ஒரு மழைக்காலம் முழுக்க, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தீர்களாம்.

நீங்களா? என் பாடத்தை, என் சட்டை நிறத்தை, என் சிநேகிதிகளைக்கூட என்னைக் கேளாமல் தீர்மானித்த நீங்களா? அந்தப் பொறுமையில் ஒரு கிள்ளாவது எனக்கென்று வைத்திருக்கக் கூடாதா, அக்கா?

போகிற நாள்தான் வந்த காரியத்தைச் சொன்னா. காய்ச்சலில் போன உங்களை அந்த ஏரிக்கரைச் சேமக்காலையில்தானே அடக்கினார்கள். எலும்புகளையாவது மன்னாருக்குத் தரும்படி அம்மா கேட்டிருந்தா. "எங்களுக்கு மனமில்லை. ஆனால் அவ உங்கள் பிள்ளை. முடிவை நீங்கள் சொல்லுங்கோ" என்றா அகத்தா. அம்மா என்னைப் பார்த்தா. "நீ சொல்லு பிள்ளை. எனக்கு ஏலாது."

கொண்டுவரச் சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்களை அவவிடமிருந்து பறிக்க வேண்டும், அவ்வளவுதான். அது உங்கள் மேல் உள்ள அன்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

ஆனால் நான் வருவேன், அக்கா. உங்கள் கல்லறையில் பெயரைத் தமிழில் வெட்டுவிப்பேன். அதன் கீழே உங்களுக்கு மட்டும் ஒரு வரி. என்ன எழுதியிருக்கிறது என்று அகத்தா கேட்பா. சொல்லமாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் ஒரே தங்கச்சி