நல்லாத்தான்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கமாக இந்த இடத்தில் கேட்பேன். இந்தத் தடவை அதைக் கடைசியில் கேட்கிறேன், அதற்குள் எழுந்து போய்விடாதே. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நீ முணுமுணுப்பது காதில் விழுகிறது. போனில் நான் வாயைத் திறந்தால் நீ வரிசையாகச் ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது. தவிர, நம் எழுத்தை நீ இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படி, எனக்கு அதுதான் வேண்டும்.

வீட்டில் பெரிய செய்தி, உன் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வாசல் கேட்டை இடித்துவிட்டாள். கேட்தான் குறுக்கே வந்தது என்று சாதிக்கிறாள். நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றார், அதனால் இப்போது கீழே நின்றுகொண்டே என்னை மொட்டை மாடிக்கு அனுப்பி அதை எடு, இதை எடு என்கிறார். என் முழங்காலைப் பற்றி எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. மாடி வீட்டுக்காரரின் துணி துவைக்கிற மெஷின் ஒழுகி நம் சமையலறைக் கூரையில் பெரிய கறை, பார்த்தால் ஆமை மாதிரி இருக்கிறது, அவர் சரி செய்து தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் மருமகள் பேசினாள். நீ வீட்டுக்குள் நுழைந்ததும் வாண்டு தன் பள்ளிக்கூடப் பையைத் தானே திறந்து உன் முன்னால் நீட்டுகிறாளாமே, சாப்பாட்டு டப்பாவின் மூடியையும் திறந்து காட்டுகிறாளாம். மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் சிரித்தேன்.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். நாட்டு எல்லையில் இருக்கிற நுழைவுக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், முன்பு காணாமல் போன பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த அறையைத்தான் மன ஆறுதலுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அலமாரிகள் இருந்த தடம் சுவரில் இன்னும் தெரிகிறது. காலையில் புதிதாக நாட்டுக்குள் வந்தவர்கள், மதியத்துக்கு மேல் அவர்களைச் சோதித்து உள்ளே விடுகிற அதிகாரிகள் வருவார்கள். இரண்டு தரப்பையும் கேட்பவர் ஒரே ஆலோசகர், டாக்டர் இல்லை, ஆனால் நம் ஆட்கள் டாக்டரம்மா என்றே கூப்பிடுகிறார்கள். நம் மொழி பேசுகிறவர்கள் வந்தால் நடுவில் உட்கார்ந்து இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்வது என் வேலை. அறைக்குள் பேசியதை வெளியே மூச்சுவிடக் கூடாது, அப்பாவிடமே சொன்னதில்லை, அவர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். ஒன்றை மட்டும் சொல்லலாம், அது யாருடைய ரகசியமும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நம்மவர்கள் பாதிப் பேர் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். நல்லா இருக்கேன் என்றால் நன்றாக இருக்கிறேன், அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கேன் என்றால் யாரோ இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அவர்களோடு இவர் மல்லுக்கு நிற்கிறார் என்று அர்த்தம். இதை விளக்கி விளக்கி, இப்போது டாக்டரம்மாவுக்கு நம் மொழியில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். அவர்கள் பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி ‘தான் இருந்ததா?’ என்று கேட்கிறார்.

அறைக்குள் நடந்ததுதான் சொல்லக் கூடாது, வராந்தாவில் நடந்ததைச் சொல்லலாம். அதிகாரிகள் யார் கண்ணிலும் படாமல் வர வேண்டும் என்று அவர்களுக்குப் பின்பக்கப் படி. சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சட்டையில்தான் வருவார்கள், ஆனால் கறுப்பு பூட்ஸ் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். அன்று பின்படிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், காலை வேலையும் இழுத்துக்கொண்டே போய்விட்டது. அதனால் ஒரு அதிகாரி முன்பக்கமாக ஏறி வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார், உன் வயதுதான் இருக்கும். எதிரே நம் மொழி பேசுகிற ஒரு பெண், தையல்காரி, வந்த அன்று கீழே விசாரணை அறையில் நாள் முழுக்க உட்கார வைக்கப்பட்டவள். இது ரகசியம் இல்லை, வராந்தாவில் யார் கிடைத்தாலும் அவளே சொல்வாள். நான் தேநீரை வைத்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது, அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், கவுண்டரில் இருந்து பார்க்கிற பார்வை. அவள் பூட்ஸைப் பார்த்தாள். உடனே எழுந்தாள், பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். யாரும் கேட்கவில்லை. அவரும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு தாளாகத் திருப்பினார், போட்டோவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி போட்டோ. அப்புறம் அவருடைய வலது கை தானாகப் பக்கத்தில் போய்த் தேடியது, கவுண்டரில் முத்திரைக் கட்டை இருக்கிற இடம். அங்கே இருந்தது பிளாஸ்டிக் பூந்தொட்டி. கை அதன்மேல் போய் நின்றுவிட்டது. அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது, முகம் செத்துப் போயிற்று.

தாள்களை வரிசை கலையாமல் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மன்னிக்க வேண்டும், இங்கே இதெல்லாம் வேண்டாம், நானும் உள்ளே போகத்தான் காத்திருக்கிறேன் என்றார். அவள் ‘என்னக்கா சொல்றாரு, பேப்பர்ல ஏதாவது தப்பா?’ என்று என்னைக் கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் ‘அப்ப இவரை யாருக்கா புடிச்சு வெச்சிருக்காங்க?’ என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவள் என்ன கேட்டாள் என்று அவர் என்னைக் கேட்டார். என் வேலையில் ஒரு வார்த்தையையும் விழுங்கக் கூடாது, சொன்னேன். யாரும் இல்லை என்று ஆரம்பித்தார். எழுந்து படிப்பக்கம் போகப் பார்த்தார். அதற்குள் கதவு திறந்து அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அவளுக்கு இந்த நாட்டு மொழியில் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம், கவுண்டர் கவுண்டராகக் கேட்டுப் பாடமானது. வாசலில் நின்று திரும்பி அதை அவரிடம் சொன்னாள், ‘உட்காருங்க, கூப்பிடுவாங்க.’ அவர் உட்கார்ந்துவிட்டார். நான் அவளோடு உள்ளே போய்விட்டேன், அங்கே பேசியது அங்கேயே இருக்கட்டும். நாங்கள் வெளியே வந்தபோது அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது எனக்கு வாண்டுவின் ஞாபகம் வந்தது. அவளும் யாரும் கேட்காமல்தானே பையை நீட்டுகிறாள். மருமகளைப் போனில் கூப்பிட்டேன், இந்தத் தடவை இருவருமே சிரிக்கவில்லை. உங்கள் எல்லைச் சாவடியில் நிறுத்திய அந்த லாரியின் கதவைத் திறந்தது நீதான் என்று அப்போதுதான் சொன்னாள். ஒளிந்து வந்து உள்ளேயே இறந்து கிடந்தவர்களைப் பற்றி நாங்களும் செய்தியில் பார்த்தோம், பாவம் என்று சொல்லிவிட்டு அப்பா சேனலை மாற்றினார். நீ அங்கே நின்றிருந்தாய் என்று தெரிந்திருந்தால் மாற்றியிருக்க மாட்டார். அதற்கப்புறம் நீ காரை எடுக்கும் முன் டிக்கியைத் திறந்து திறந்து பார்க்கிறாயாம், வீட்டில் அலமாரி, குளியலறை, குழந்தையின் பை. வேலை முடிந்து வந்து வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்திருக்கிறாயாம். உங்கள் சாவடிக்கும் வாரம் ஒரு நாள் ஆலோசகர் வருகிறார், நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். போனால் பெயர் கெட்டுவிடும், மூளை கலங்கியவன் என்று மேஜை வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்றாயாம். உன் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் இடத்தில் எப்படியோ எனக்குத் தெரியாது. மாற்றினால் மாற்றட்டும், மேஜையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற எத்தனையோ பேர் நன்றாகத் தூங்குகிறார்கள். இந்த வாரம் அந்த நாள் வரும்போது போய் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார். பேச வராவிட்டால் பேச வேண்டாம், முதல் நாள் யாருமே பேசுவதில்லை. எழுந்து போகத் தோன்றினால் அந்தத் தையல்காரி சொன்னதை நினைத்துக்கொள். உன்னை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியவில்லை கண்ணா, ஆனால் அவர்கள் வாண்டுவையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மருமகளைக் கோபிக்காதே, நான் நோண்டி நோண்டிக் கேட்டதால்தான் சொன்னாள். இன்று வாண்டு பையை நீட்டினால் திறந்து பார்க்காதே, மூடித் தோளில் மாட்டிவிடு. அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், வண்டியைப் பார்த்து ஓட்டச் சொன்னார், அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்போது கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்? போன தடவை போனில் கேட்டபோது ‘நான் நல்லாத்தான் இருக்கேம்மா’ என்றாய், நான் எத்தனை வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பதிலில் அந்தத் ‘தான்’ வேண்டாம். நல்லா இல்லம்மா என்று எழுது, அது எனக்கு அப்படியே புரியும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்
அம்மா