பட்டியலில் இல்லாத ஒரு நாழி அரிசி

அச்சுக்கூடத்தில் வேலை பழகுகிறவர்களுக்கு இனி அச்சுக்கூடத்தின் வருமானத்திலிருந்தே மாதச் சம்பளம் தருவது, அதுவும் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே தருவது என்று அதை நடத்தும் குழு நேற்று மாலை முடிவெடுத்திருக்கிறது. குழுவின் செயலாளர் இன்று காலை என்னிடம் நேரில் சொன்னார். தீர்மானம் எழுதிய தாளையும் காட்டினார். பத்திரிகைக்கு எட்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டேன்.

செயலாளரின் அறையிலிருந்து வெளியே வர, நாம் வேலை பழகிய எழுத்துக் கோக்கும் அறையைக் கடக்க வேண்டும். உள்ளே ஈய எழுத்துகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெயும் மையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. அதனால்தான் ஒன்பதாவது வரியை உனக்கு எழுதுகிறேன்.

நாம் ஒரே ஊரிலிருந்து, ஒரே நாளில், ஒரே கட்டுச்சோற்றைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டு நாகர்கோவிலுக்கு நடந்து வந்து சேர்ந்தோம். மூன்று வருஷம் பழக வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் காசே கிடையாது. மூன்றாவது வருஷம் ஏதோ கொஞ்சம். அதன்பிறகுதான் சம்பள ஆள். அதுவரை வயிற்றுக்கு வழி? எனக்கு வடசேரியில் அத்தை வீடு இருந்தது. உனக்கு நம் சபைப் பெண்களின் பிடியரிசி இருந்தது. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை ஏலம் விட்டு வந்த காசை, ஊர் ஆலயத்தைக் கவனிக்கும் உபதேசியார் உனக்கு அனுப்புவார். அரிசி நன்றாக விழுந்த மாதம் நீ மூன்று வேளை சாப்பிட்டாய். ஆடியில் இரண்டு வேளை.

ஃபோர்மன் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏலே பிடியரிசி, அதை எடு" என்பார். நீ கோபப்படவில்லை. "அரிசின்னா வெளுப்பாட்டுல்லா இருக்கும் அண்ணாச்சி, நான் தொலி உளுந்து" என்று உன் கறுத்த கையை நீட்டிக் காட்டினாய். சிரிக்காத அந்த மனிதரும் அன்று சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பன்னிரண்டு வரி கோக்கும் நேரத்தில் நீ இருபது கோத்தாய். அவசரம் உனக்குத்தான் இருந்தது. கிணற்றடியில் கை கழுவும்போது ஒருநாள் சொன்னாய்: "மூணு வருசம் கழிஞ்சா அம்மைக்க கலயத்தைக் கமத்தி வச்சிரணும் மக்கா. அந்தப் பிடியை அவளே திங்கட்டு."

இரண்டாம் வருஷம் முடிய நாலு மாதம் இருந்தது. சபையின் மாதப் பத்திரிகை நம் அச்சுக்கூடத்தில்தான் அச்சாகும். எந்தப் பெண் எவ்வளவு அரிசி கொடுத்தாள் என்ற பட்டியல் அதில் வரும். அந்த மாதம் நம் ஊர்ப் பட்டியலைக் கோத்தவன் நீ. பிழை பார்க்க அச்சிட்ட மெய்ப்புத் தாளை ஃபோர்மன் பார்க்க, நான் உபதேசியார் எழுதி அனுப்பிய பிரதியை உரக்க வாசித்தேன். உன் அம்மையின் பெயர் வந்தது. பக்கத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: இல்லை.

"திரும்பி வாசிலே" என்றார்.

திரும்பியும் "இல்லை" என்றேன்.

இரண்டு கை தூரத்தில் நீ வேறு ஏதோ கோத்துக்கொண்டு நின்றாய். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அந்தச் சின்ன ஓசை நின்றது.

மெய்ப்புத் தாளில் ஒரு நாழி என்று இருந்தது.

"அம்மை குடுத்திருக்கா அண்ணாச்சி. பட்டியல்ல விட்டுப்போச்சு. அதான் சேத்தேன்" என்றாய்.

பிரதியில் இருப்பதைத்தான் கோக்க வேண்டும், பிழை என்று தெரிந்தாலும் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பது நாம் முதல் நாள் கற்ற பாடம். ஃபோர்மன் சத்தம் போடவில்லை. "திங்கிறவனே அளந்தா எப்படிலே?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் உன்னை நிறுத்திவிட்டார்கள்.

உன் அம்மை இரண்டு மணி நேர நடைத் தொலைவில் இருந்தாள். ஃபோர்மன் போய்க் கேட்கவில்லை. நானும் போகவில்லை. பிரதி என் கையில் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

தூத்துக்குடி பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட வந்தேன். அங்கிருந்து கப்பல், கொழும்பு, அதற்குமேல் ஏதோ ஒரு மலைத் தோட்டம். உன் மூட்டையை ஏற்றிவிட்டுக் கீழே நின்றேன். பஸ் புறப்படும்போது நீ ஜன்னல் வழியே குனிந்தாய். "நீ உள்ளதத்தான வாசிச்ச. போகட்டு மக்கா."

அடுத்த வாரம் எழுத்துப் பெட்டிமுன் நிற்கும்போது பின்னாலிருந்து ஃபோர்மனின் குரல் கேட்டது. "ஏலே பிடியரிசி." பழக்கத்தில் உன் இடத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். ஊரிலிருந்து வந்து வேலை பழகுகிற ஒரு பையனுக்கென்று ஒதுக்கிய அரிசி. நீ போனதும் எனக்கு வந்தது. அத்தை வீட்டில் சோறு இருந்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசி ஞாயிறு ஊருக்குப் போனேன். பெண்கள் வரிசையாக வந்து அரிசியைப் பெட்டியில் கொட்டினார்கள். உன் அம்மையும் கொட்டினாள். ஆராதனை முடிந்து நான் நழுவப் பார்த்தபோது வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கணக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "போன மாசம் அந்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல். திங்கக்கிழமை உபதேசியார் வீட்டுல கொண்டு குடுத்தேன். அவனுக்குத் தெரியும், அவன் இங்கன இருந்துட்டு அண்ணைக்குத்தான் திரும்பிப் போனான். எங்கிட்ட ஆரும் கேக்கலியே மக்கா."

உபதேசியாரிடம் ஓடினேன். அவருக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை அரிசியைப் பெட்டியில் போட்டவர் பட்டியலில் ஏற்ற மறந்திருந்தார். ஃபோர்மனிடம் சொன்னேன். அப்படியிருந்தாலும் நீ செய்தது தப்புதான் என்றார். ஆனால் அடுத்த இதழில் திருத்தம் போடச் சம்மதித்தார். உன் அம்மையின் பெயரோடு ஒரு நாழி சேர்த்து வாசிக்கவும் என்று ஒரே வரி. அதை நானே கோத்தேன். உண்மையான செய்தி என்று நான் போட்ட முதல் வரி அதுதான்.

அந்த இதழை உனக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து, மலைக் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று உன்னோடு வேலை பார்த்தவர் ஊருக்கு எழுதினார். இதழ் உனக்குக் கிடைத்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்டு எழுதிய கேள்விகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை விடை இல்லை.

பிறகு கோக்கும் வேலையை விட்டு, செய்தி எழுதப் பத்திரிகைக்கு வந்தேன். ஏதாவது ஒரு தாளை நீட்டி, இதில் எல்லாம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், உன் அம்மையின் குரல்தான் காதில் விழுகிறது. தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நடந்துபோய்க் கேட்கிறேன். நான் மெதுவாக எழுதுகிறவன் என்று அலுவலகத்தில் குறை சொல்கிறார்கள்.

உன் அம்மை இருக்கிறாள். கண் சரியில்லை. ஆனால் உலை வைக்கும்போது கலயத்துக்கு ஒரு பிடி இன்றும் போகிறது; இப்போது அந்த அரிசியில் சாப்பிடுகிற பையனை அவள் பார்த்ததுகூட இல்லை.

தீர்மானத்தில் குழுத் தலைவரின் கையெழுத்து இன்னும் விழவில்லை. சம்பளம் எவ்வளவு என்பதும் முடிவாகவில்லை. ஆவணி ஒன்றாம் தேதி முதல் நடப்புக்கு வரும் என்று செயலாளர் சொல்கிறார். தாள் சொல்வது இவ்வளவுதான். ஆவணி முடிந்து முதல் சம்பள நாளன்று நான் கோக்கும் அறைக்குப் போய், வேலை பழகும் ஒவ்வொருவனிடமும் கிடைத்ததா என்று கேட்பேன். கையில் விழுந்ததைப் பார்த்த பிறகு ஊருக்கு நடப்பேன். கலயத்தைக் கவிழ்க்கலாம் என்று உன் அம்மையிடம் அன்றைக்குத்தான் சொல்வேன்.