பாடிக்கொண்டு வந்த போர்வை

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டு, கொஞ்சமாவது கண்ணை மூடித் தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நம் பிள்ளைகள் சங்கதி. அண்ணன் மகள் நீச்சலில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்து ஒரு கோப்பை வாங்கிவந்தாள், என் முழங்கை உயரம் இருக்கும், அதை இங்கே கொண்டுவந்து காட்டிவிட்டு ஒரு வாரம் வைத்துவிட்டுப் போனாள், உன் அப்பா அதற்குள் ஆணியும் திருகாணியும் போட்டு வைத்துப் பேத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் தம்பி, நம் குண்டூசி, கணக்கில் வகுப்பில் இரண்டாவது. முதலாவது வந்தவன் அந்த வாத்தியாருடைய சொந்த மகன், அதனால் நான் கேட்கிறவர்களிடமெல்லாம் நம்மவன்தான் முதலாவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கா மகன் ஞாயிறு பள்ளியில் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் முழுவதையும் பார்க்காமல் சொன்னான், முன்பல் இரண்டும் விழுந்திருப்பதால் பாதி காற்றாகத்தான் வந்தது, ஆனால் சபை முழுக்கக் கைதட்டியது, முதலில் தட்டினது நான்தான். அக்காவுடைய கடைக்குட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துவிட்டுப் போய்த் துணி மடித்துவிட்டு வந்தேன். உனக்கு இது குத்தும் என்று எனக்குத் தெரியாமலா. ஆனால் உன்னிடம் ஒன்றை மறைத்து எழுத ஆரம்பித்தால் அப்புறம் எல்லாவற்றையும் மறைக்க வேண்டியிருக்கும், கடைசியில் தாயும் மகளும் வானிலை பேசிக்கொண்டிருப்போம், அதனால் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்.

நீ போனை எடுப்பதில்லை, அதற்காக உன்னைக் கோபிக்கவில்லை. போன் அடித்தால் உடனே எடுத்தாக வேண்டும், கடிதம் என்றால் மேசைமேல் கிடக்கட்டும், மனசு வருகிறபோது திறக்கலாம். ஏழாம் மாதத்தில் உன் பிள்ளை அழாமலே பிறந்து அழாமலே போனான், அதற்கு அடுத்த வாரம் நீ போனில் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அம்மா, சந்தோஷமாயிரு சந்தோஷமாயிரு என்று இனிமேல் எனக்கு வசனம் அனுப்பாதே, பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம் யாரும் அப்படிச் சொல்லக்கூடாது, பிள்ளை போனதை யாரிடமும் சொல்லவும் செய்யாதே என்றாய். சரி என்றேன். வசனம் அனுப்புவதை நிறுத்தினேன், அக்காவுக்கும் அண்ணனுக்கும் தவிர ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. சபையில் பெண்கள் மகள் எப்படி இருக்கிறாள், முகம் வெளிறிப்போச்சா, வாந்தி நின்றதா என்று கேட்பார்கள், இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதனால் நடந்த ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறேன், உன் அனுமதி இல்லாமல் விஷயம் வெளியே போய்விட்டது, எப்படிப் போனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ இங்கிருந்து போன பிறகு எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு வழக்கம் ஆரம்பித்திருக்கிறது. நம் சபை வீட்டுப் பெண் ஒருத்தி எங்கே இருந்தாலும் சரி, பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்றால் ஒரு ஒட்டுப்போர்வை தைப்பார்கள். ஒரு வீட்டுக்காரி தன் பழைய துணியில் ஒரு சதுரம் வெட்டித் தைப்பாள், தைக்கும்போதே அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுவாள், பிறகு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள், அவள் தன் சதுரத்தை அதோடு சேர்ப்பாள். இப்படியே வீடு வீடாகப் போய்ப் போர்வை வளரும். யாருக்கென்று தைக்கிறார்களோ அந்த வீட்டாரிடம் மட்டும் மூச்சு விடமாட்டார்கள். நான் என் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவர்கள் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இல்லாமல் போன பிள்ளைக்காக இத்தனை வாரமும் ஒவ்வொரு வீட்டிலும் ஊசியும் நூலும் ஜெபமுமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

போன சனிக்கிழமை மத்தியானம் அப்பா சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. நம் கட்டிடத்து லிஃப்ட் மறுபடியும் நின்றுபோயிருந்தது, ஆகையால் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வரி பாடி, மூச்சு வாங்கி, அடுத்த வரி பாடி ஏறி வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் ஆறு பெண்கள், முன்னால் போதகரம்மா, கையில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றின பொட்டலம். நம் சத்தக்காரி, உனக்குத்தான் தெரியுமே, ஜெபம் பண்ணினாலே பக்கத்துக் கட்டிடத்துக்காரன் ஆமென் சொல்வான், அவள் உள்ளே வரும்போதே ஏங்க, ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டுக்கு நாங்க படியேறித்தான் வரணுமா, ஐயா எங்கே ஒளிஞ்சிருக்கார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் விரித்தார்கள். மஞ்சளும் நீலமும் பூப்போட்டதும் கோடு போட்டதுமாக, நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம், பெயர் வைத்த பிறகு எழுதித் தைப்பதற்காக வெறுமையாக விட்டிருந்தார்கள்.

நான் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. சொல்லிவிட்டேன். ஒருத்தி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு அவள் வாயில் பாதியில் நின்றது. போதகரம்மா எல்லாவற்றிலும் நாம் மகிழ்ந்து என்று ஆரம்பித்தார்கள். பாவம், அவர்களுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். எனக்கு உன் குரல் காதில் கேட்டது. போதகரம்மாவைப் பார்த்து, அம்மா, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன், நான் அவர்களிடம் அப்படிப் பேசினதே இல்லை. அவர்கள் வாயை மூடிக்கொண்டு, நாற்காலி இருக்கும்போதே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள். சத்தக்காரிகூடச் சத்தமில்லாமல் அழுதாள், அவளால் அது முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது அப்பா தொட்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நேராக வந்து குனிந்து போர்வையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சத்தக்காரி ஐயோ ஐயா கை, கை என்று கத்தினாள். பார்த்தால் அந்த வெள்ளைச் சதுரத்தில் ஐந்து விரலும் பதியக் கருப்பாகக் கிரீஸ். அப்பா அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், லிஃப்ட்காரன் பேரன் போர்வையில கிரீஸ் இல்லாட்டா எப்படிம்மா என்றார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, எல்லாரும் சிரித்துவிட்டோம், அழுத முகத்தோடு வயிறு வலிக்கச் சிரித்தோம், அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்து அழுதார். உன் பிள்ளை போனதிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று நான் பயந்துகொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் விட்டார். பேரன் என்று அந்த வார்த்தை நம் வீட்டில் வாய்விட்டு வந்ததும் அன்றைக்குத்தான்.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவும்போது எனக்கு வெட்கமாக வந்தது. பிள்ளை மண்ணுக்குள் இருக்கிறான், பாட்டி பல்லைக் காட்டிச் சிரிக்கிறாளே, இவளெல்லாம் ஒரு பாட்டியா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்திலிருந்து போன் பண்ணினார், அவரைக் கோபிக்காதே, தாங்கமுடியாமல்தான் என்னிடம் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் தொப்பி காற்றில் பறக்க, அவர் அதன் பின்னாலேயே ஓடினதைப் பார்த்து நீ சிரித்தாயாம், சிரித்ததும் யாரோ அறைந்ததுபோல முகம் மாறிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம். என் தங்கமே, அதைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. நீ சந்தோஷமாக இருக்க முடியாமல் இல்லை, இருக்கக் கூடாது என்று உனக்கு நீயே காவல் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். சிரித்தால் பிள்ளையை மறந்துவிட்டதாக ஆகிவிடும் என்று நினைக்கிறாய். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள், போதகர் மாதிரி எனக்கு விளக்கத் தெரியாது, நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு உன் பிள்ளையிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, அவனை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக உனக்கு வசனம் அனுப்பினேனே, சந்தோஷமாயிரு என்பதை ஏதோ முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்கிற காரியம் மாதிரி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தை எழுதின அப்போஸ்தலரோ சிறைக்குள் இருந்தல்லவா எழுதினார், அவருக்கு அங்கே சிரிக்க என்ன இருந்திருக்கும். நம் ஆண்டவரே சிநேகிதன் கல்லறைக்கு முன்னால் அழுதார், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார். அப்படி அழுகிறவர் கொடுக்கிற சந்தோஷம் அழுகையைத் துரத்திவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று அடம்பிடிக்காது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இவ்வளவுதான் தெரிகிறது, இதற்கு மேல் கேட்காதே.

நான் இன்னும் சலவைக்கடைக்குப் போய்த் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், முழங்கால் வலி ஏறியிருக்கிறது, முதலாளி ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். என் பக்கத்து மேசைக்காரி, நான் ஒன்றும் சொல்லாமலே எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள், என் குவியலில் குழந்தைத் துணி வந்தால் நான் தண்ணீர் குடிக்கத் திரும்புகிற நேரம் பார்த்து உருவித் தன் குவியலுக்குள் வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரியே இருந்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கையைப் பிடித்து, கொடு, நானே தேய்க்கிறேன் என்றேன். என் உள்ளங்கை அகலம்கூட இல்லாத சட்டை. இஸ்திரிப் பெட்டியின் மூக்கால்தான் தேய்க்க வேண்டியிருந்தது. அதன்மேல் கண்ணீர் விழுந்து ஆவியாகப் போனது. பக்கத்து மேசைக்காரி, பரவாயில்லையே, தண்ணி தெளிக்கிற வேலை மிச்சம் என்றாள். அவளை என்ன செய்வது சொல். எத்தனை பேரப்பிள்ளைகள் என்று அப்போது கேட்டாள், ஐந்து என்றேன். கடைசியானவனுக்கு விரலெல்லாம் நீளம், அவன் அப்பா சொன்னார், பிறக்கும்போதே தலை நிறைய முடி என்றும் சொன்னேன். மாப்பிள்ளை எனக்குச் சொன்னதை இப்படி எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற நாலு பேருக்கும் அடிக்கிற பெருமையை இவனுக்கு மட்டும் ஏன் அடிக்கக்கூடாது.

வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறோம். காலையில் டீ குடிக்கும்போது ஆளுக்கு ஒரு காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும், பெரிய காரியம் சொல்லக்கூடாது, நேற்று நடந்ததாக இருக்க வேண்டும். அப்பா முதல் நாள் ஒன்றுமில்லை ஆமென் என்று முடித்துவிட்டார். இரண்டாம் நாள் குழாய் சொட்டவில்லை ஆமென் என்றார். இப்போது கொஞ்சம் நீளமாகியிருக்கிறது, நேற்று ஒரு கிழவரோடு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதற்காகவும் அவர் பயப்படாமல் கதை சொன்னதற்காகவும் நன்றி சொன்னார். சில நாள் எனக்கு ஒன்றும் வாயில் வராது, டீ ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருப்பேன், அப்பாவும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார், அதையே மறுநாள் சொல்லிக்கொள்வேன். துக்கம் போய்விடவில்லை, மகளே, போகும் என்று நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது இருக்கிற வீட்டிலேயே இன்னொன்றும் இருக்கிறது, தினம் கொஞ்சம் தண்ணீர் விட்டால் காயாமல் இருக்கிறது. உனக்கு முடிந்தால் நீயும் செய், முடியாவிட்டால் உனக்கும் சேர்த்து நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

போர்வை இங்கேதான் இருக்கிறது. பெண்கள் வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று பேசினார்கள், சத்தக்காரி அது அந்தப் பிள்ளைக்குத் தைத்தது, தொட்டால் பாருங்கள் என்று வாயை அடைத்துவிட்டாள். எந்தக் கறையையும் எடுக்கிற கை எனக்கு, ஆனால் அந்தக் கிரீஸை எடுக்கவில்லை. அனுப்பு என்றால் அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் இங்கே இருக்கட்டும். இரண்டும் எனக்குச் சரிதான்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, நீங்கள் படுக்கிற படுக்கையையும் எழுந்திருக்கிற காலையையும் ஆசீர்வதிப்பாராக. டாக்டர் கொடுத்த இரத்த மாத்திரையை நிறுத்திவிடாதே, வயிற்றைப் பிடிக்கிறது என்றால் பாதியாக உடைத்தாவது போடு. மாப்பிள்ளையும் பிள்ளையை இழந்தவர்தான், அவரை ஒரு தடவை அழவிடு.

இன்னொன்று கேட்கிறேன். எனக்கு உன் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு, கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பதெல்லாம் முன்னாலே எடுத்தது, அதைப் பார்த்து ஜெபம் பண்ணும்போது வேறு யாருக்கோ பண்ணுகிறமாதிரி இருக்கிறது. தலை வாராவிட்டாலும் பரவாயில்லை, கண் வீங்கியிருந்தாலும் பரவாயில்லை. எனக்காகச் சிரிக்கவும் வேண்டாம். இப்போது என் மகள் எப்படி இருக்கிறாளோ அந்த முகத்தை அனுப்பு.

முத்தங்களுடன்
உன் அம்மா