எடுக்க ஆளில்லாத நாற்பதாயிரம் பங்கு

வலங்கைமான்,
பங்குனி 12

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், மாடும் கன்றும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் அழுதுவிட்டு விஷயத்தை முழுங்கிவிடுவேன். மீரா உசேன் அண்ணன் மகன் இர்பான் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயைத் திறப்பதற்கு முன் இதைப் படி. வரி மேல் வரி ஏறியிருக்கும், பொறுத்துக்கொள்.

சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து நன்றாகக் காய்த்திருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் வரப்பில் நடக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, ஒண்ணேமுக்கால் ரூபா ஷேரும்மா, இருபதாயிரம் ஷேர் வாங்கிட்டேன், டெலிகிராம் குழுவுல சொன்னது சொன்னபடி ஏறுது, ஒத்தி திருப்ப வச்சிருக்கற ரெண்டு லட்சத்தையும் இதுலயே போடப் போறேன்னு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பணம் போனால் ஒத்தியில் கிடக்கும் நம் மூன்று மா நிலமும் போன மாதிரிதான். நீ சொன்ன கதை எனக்குப் புதிதும் இல்லை தம்பி. போன ஆவணியில் நானும் அதே வேலையைச் செய்தேன்.

எங்கள் மகளிர் குழுவில் தையல் கடை பிரகதீஸ்வரி இருக்கிறாளே, அவள்தான் போனில் கணக்குத் திறந்து கொடுத்து, இதே மாதிரி ஒரு டெலிகிராம் குழுவிலும் சேர்த்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளும் சேர்ந்துதான் பணத்தை விட்டாள். ஒன்றரை ரூபாய் பங்கு, அறுபதாயிரம் ரூபாய்க்கு நாற்பதாயிரம் பங்கு வந்தது. பெரிய கம்பெனிப் பங்கென்றால் அந்தப் பணத்துக்கு இருபதோ முப்பதோதான் வருமாம். எனக்கு எண்ணிக்கைதான் கண்ணில் பட்டது, களத்து மூட்டையை எண்ணிப் பழகியவள்தானே. ஏழு நாள் தொடர்ந்து ஏறியது. உன் அப்பாவிடம் மூச்சு விடவில்லை, குழம்புக்குத் தாளிக்கும்போது எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். வெட்கக்கேடு.

எட்டாம் நாள் இறங்கிற்று. விற்கலாமென்று போட்டால் விற்க லட்சக்கணக்கில் நிற்கிறது, வாங்கும் பக்கம் சைபர். எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் என் முட்டாள்தனம். நமக்கு நெல் கொள்முதல் நிலையம்தானே தெரியும். மூட்டையை அடுக்கி, படுதாவைப் போட்டு மூடி, டோக்கனோடு பத்து நாள் காத்துக் கிடந்தாலும் கடைசியில் ஈரப்பதம் பார்த்து எடுத்துக்கொள்வார்கள், சொன்ன விலை வந்துவிடும். இங்கேயும் அப்படித்தான் வரிசை நகருமென்று நினைத்தேன். காலை ஒன்பதே காலுக்கு விற்பனைக்குப் பதிந்துவிட்டு வயலுக்குப் போவேன், சாயந்திரம் அது தானாக ரத்தாகியிருக்கும், மறுநாள் திரும்பப் பதிவேன். ஒரு மாதம் அப்படியே போயிற்று. இப்போது திங்கட்கிழமை மட்டும்தான் அதில் வியாபாரமாம். முப்பது காசு என்று காட்டுகிறது, அதற்கும் எடுக்க ஆளில்லை. நாற்பதாயிரமும் இன்றைக்கும் என் பேரில்தான் கிடக்கிறது.

பிறகுதான் உறைத்தது. நெல்லை அரசாங்கம் எடுக்கும், இதை யார் எடுப்பார்கள்? நாம் வாங்கும்போது அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே, விற்றது யார்? வாங்கு வாங்கு என்று டெலிகிராம் குழுவில் சொன்னவனே அவனுடையதை நம் தலையில் கட்டியிருப்பான். விலை இறங்கிய அன்றே அந்தக் குழுவும் காணாமல் போய்விட்டது. உன்னுடையது வேறு கம்பெனி, நன்றாகக்கூட இருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஏறிக்கொண்டிருக்கிறது என்கிறாயே, அந்த இருபதாயிரத்தில் பாதியை இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே விற்றுக் காட்டு. பணம் உன் பேங்குக்கு வந்து சேர்ந்ததா என்று பார். அதுவரைக்கும் ஒத்திப் பணத்தைத் தொடாதே. மீதி பாதி போனால்கூடப் போகட்டும், அது உன் சம்பளம், திரும்பச் சம்பாதிப்பாய்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறுபதாயிரம் ஏது என்று நீ யோசித்திருப்பாய். இடது கண் புரைக்குத் தஞ்சாவூரில் நல்ல லென்ஸ் வைத்து ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி நீ அனுப்பியதுதான். இரட்டிப்பாக்கி, உன் காசைத் தொடாமல் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். அப்பாவிடம் தை மாதம்தான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து வாய்க்கால் மதகைத் தாண்டும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

அழாதே, வேலையை விட்டுவிட்டு ஓடியும் வராதே, பணமும் அனுப்பாதே. சித்திரையில் இலவச கண் முகாம் வருகிறது, பேர் கொடுத்தாயிற்று, அப்பா கூட வருவார். வேளைக்குச் சாப்பிடு, மோர் நிறையக் குடி. மாரியம்மன் உன்னைக் காப்பாள். பங்கை விற்ற அன்று போன் செய், வீடியோவிலேயே வா. போன தடவை என் முகம் நல்லாத் தெரியுதாம்மா என்று கேட்டாய், தெரியுது ராசா என்றேன். வலது கண்ணிலும் புரை ஏறிவிட்டது தம்பி, உன் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
நா. அகிலாண்டம்