உனக்காக நான் போட்ட ஓட்டு

என் வாத்துக்குஞ்சே ஹேலி,

நீயும் மாப்பிள்ளை யெல்லேயும் குழந்தையும் அங்கே நெதர்லாந்தில், உட்ரெக்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நான் எழுந்து நடமாடுகிறேன், வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறேன், அதற்குமேல் கேட்காதே. உன் அப்பாவுக்கு மூச்சுவிட வைத்திருந்த இயந்திரத்தை மருத்துவமனை ஆட்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அது இரையும் சத்தத்தைத் திட்டாத நாள் இல்லை, இப்போது அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு முட்டைக்கோஸ் வெட்டப் போனவள் நான், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அம்மா உண்மையை ஒத்துக்கொள், அப்புறம்தான் அப்பாவின் சாம்பலைத் தூவ வருவேன் என்று எழுதியிருக்கிறாய். எந்த உண்மையை என்று எனக்குத் தெரியும். அப்பாவை வழியனுப்பிய அன்று கிளப்பில் எல்லோரும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் டெரெக் சித்தப்பா மூன்றாவது கிளாஸை முடித்துவிட்டு, "டோரீன் அண்ணிக்கு அன்னைக்கு ரெண்டு ஓட்டுல்ல. ஒண்ணு அவங்களோடது, ஒண்ணு வெளிநாட்டுல இருக்கிற பொண்ணோடது. ரெண்டையும் ஒரே பக்கம் போட்டுட்டு வந்துட்டாங்க, கெட்டிக்காரி" என்று சொன்னார், மேசையே சிரித்தது. நீ தட்டைக் கீழே வைத்தாய். வெளியே கார் நிறுத்துமிடத்தில் என் கையைப் பிடித்து "நிஜமாம்மா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை, சொல்லாததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே கப்பலேறிவிட்டாய். அன்றைக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்றால், புருஷனை எரித்துவிட்டு வந்த கையோடு என் மகள் என்னைத் திருடி என்று நினைக்கிறாளே என்று வாயடைத்துப் போயிற்று. கேட்டதே எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கும் பொறுக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், ஒருமுறைதான் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று நாடு முழுக்க ஓட்டெடுத்தபோது நீ அங்கிருந்து வர முடியாது, எனக்குப் பதிலாக நீயே போடு அம்மா, இருப்பதற்கே போடு என்று எழுதிக் கேட்டாய். சரி என்றேன், நீயும் அதற்கான படிவத்தை முறைப்படி அனுப்பிவைத்தாய். சர்ச் மண்டபத்து ஓட்டுச்சாவடியில் இருந்த பெண் பட்டியலில் உன் பெயரையும் என் பெயரையும் பார்த்து இரண்டு சீட்டு கொடுத்தாள். அங்கே நூலில் கட்டி வைத்திருக்கும் பென்சிலால் குறி போட்டால் ராத்திரியோடு ராத்திரி ரப்பரால் அழித்துவிடுவார்கள் என்று வெளியேற வேண்டும் என்ற எங்கள் பக்கத்து ஆட்களெல்லாம் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று நீ சிரிப்பாய், அப்போது நாங்கள் நம்பினோம். அதனால் பிங்கோ ஆட்டத்துக்கு வைத்திருக்கும் நீலப் பேனாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். முதலில் உன் சீட்டை எடுத்தேன், நீ கேட்டபடி இருப்பதற்குப் போட்டேன். பிறகு என் சீட்டு, வெளியேறுவதற்கு. இரண்டையும் அந்தப் பேனாவாலேயே போட்டேன், உன் ஓட்டையும் எவனும் அழித்துவிடக் கூடாது என்று. வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "ஒண்ணுக்கு ஒண்ணு நேராகிப் போச்சே. இதுக்கு நீ வீட்டுலயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிச்சிருக்கலாம்டி" என்றார். வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார். சாட்சி வேண்டும் என்றால் என்னிடம் இல்லை.

டெரெக்கைப் போய்ப் பார்த்தேன். "தமாஷுக்குச் சொன்னேன் அண்ணி, எனக்கு என்ன தெரியும், வேணும்னா ஹேலிக்கு போன் போட்டுச் சொல்லட்டுமா" என்று கெஞ்சினார். வேண்டாம் என்றுவிட்டேன். குடித்துவிட்டு உளறிய ஆள் நல்ல பேர் வாங்கிக் கொடுத்து என் மகளுக்கு நான் அம்மாவாக வேண்டுமா? என் வார்த்தையை நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் விடு.

என் சீட்டைப் பற்றி மட்டும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் எதிர்காலத்தைப் பறித்துவிட்டாய் என்று முடிவு வந்த அன்று நீ போனில் அழுதாய். முதியவர்கள் நீங்கள் செத்துப்போவீர்கள், நாங்கள்தான் வாழ வேண்டும் என்றாய். சாகப்போகிறவர்களுக்கும் அதுவரை வாடகை உண்டு, கண்ணே. கேரட் கழுவிக் கட்டும் கொட்டகையில் நான் நின்ற காலத்தில் வருஷா வருஷம் கூலி ஏறும். பிறகு ஆள்பிடிப்பவர்கள் வெளிநாட்டு ஆட்களை வேன் வேனாக ஏற்றி வந்து இறக்கினார்கள், கூலி நின்ற இடத்திலேயே நின்றது, இஷ்டம் இல்லையென்றால் போ என்றான் மேற்பார்வையாளன். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். அது தப்பாகவே இருக்கட்டும். நான் யோசித்துச் சொன்ன பதில், எந்தப் பத்திரிகைக்காரனும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

டைவாவைத் துரத்தத்தானே போட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அவளும் லித்துவேனியாவிலிருந்து அப்படி வேனில் வந்து இறங்கியவள்தான். உன் அப்பாவுக்கு ஸ்பூனில் சூப் ஊட்டியதும் அவள்தான், அதை நீ எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம், நான் பக்கத்திலேயே இருந்தேன். எப்படிப் போட்டேன் என்று அப்போதே அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "தெரியும் டோரீன், உனக்குத்தான் முகத்துல எதையும் மறைக்க வராதே. எங்கம்மாவும் ஊர்ல உன்னைப் போலத்தான், யார் வெளியே போகணும்னு கேட்டா மூச்சுவிடாம பத்துப் பேரைச் சொல்லுவா. நான் போகமாட்டேன், என் பூனை இங்கதான் இருக்கு" என்றாள். அத்தோடு முடிந்தது. அவளுக்கு என்னோடு ஒரே மேசையில் டீ குடிக்க முடிகிறது, நான் பெற்ற மகள் நீ, உனக்கு முடியவில்லை.

போன மாதக் கடைசியில் நாடு ஒருவழியாக வெளியேறியது. கிளப்பில் கொடி கட்டி வெடி வெடித்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. வருத்தம் என்று நினைத்துவிடாதே, அப்பாவுக்காக உடுத்திய கருப்பு உடையை இன்னும் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

ஈஸ்டர் திங்கட்கிழமை காலையில் கடல் கரைமேட்டில் சாம்பலைத் தூவப் போகிறேன், அவர் மீன்பிடிக்க உட்காரும் மதகுக்குப் பக்கத்தில். நீ வந்தால் உன் கையால் தூவு. வராவிட்டால் நானும் டைவாவும் போவோம். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொல்லி உன்னை வரவழைக்க மாட்டேன், அப்பாவுக்காகக்கூட. வருவதானால் குழந்தைக்குக் கனமான கோட்டு எடுத்து வா, மேட்டில் காற்று கடுமையாக இருக்கும். உன் இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா, பார்த்துவிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள், யெல்லேயையும் கேட்டதாகச் சொல்.

ஒன்றே ஒன்று. உன்னைத் திட்ட இல்லை, எனக்குத் தெரிய வேண்டும். நான் வெளியூரில் மாட்டிக்கொண்டு, என் சீட்டை உன் கையில் கொடுத்து, வெளியேறுவதற்கே போடு என்று கேட்டிருந்தால், பக்கத்தில் யாரும் பார்க்காத அந்தத் தடுப்புக்குள் நின்றுகொண்டு, நீ நான் சொன்னபடி போட்டிருப்பாயா?

அம்மா,
டோரீன்